லாங்லி யாரு என்று கேட்டவர்

“உனக்கு இந்தப் பேர யாரு வச்சா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று, அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் பெயர் அவருக்கு முன்னால் இருந்த கடிதத்திலேயே இருந்தது. அது போதவில்லை அவருக்கு.

“எங்க தோட்டத்துல கணக்கெழுதுற கிராணிக்கா. அப்பா பொறப்பு பதிய போனப்ப மலர்க்கொடின்னு சொல்லியிருக்காரு. நீளமா இருக்குன்னு கிராணி மலர்னு மட்டும் எழுதி அனுப்பிட்டாரு.”

“அப்ப கொடி எங்க போச்சு?”

 அக்கா தட்டச்சு இயந்திரத்தின் மேல் கையை வைத்தார். பிறகு, “நான் மலர்க்கொடின்னே கூப்புடுறேன்” என்றார். கடைசி வரைக்கும் அப்படியே கூப்பிட்டார். என் அடையாள அட்டையில் இல்லாத அந்தப் பாதியை என்னைப் பெற்றவர்களே மறந்துபோயிருந்தார்கள்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் மரங்களைச் சாய்த்துவிட்டு, கொக்கோவும் செம்பனையும் நட்டுச் சோதித்துப் பார்க்கிற சின்ன ஆராய்ச்சி நிலையம் அது. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். காலையில் மழை அளவு, வெயில் அளவு பார்த்துக் குறித்து வருவது என் வேலை. குறித்ததை மாதாந்திர அறிக்கையாக அடித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. அவர் ஈப்போவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியாக, உயரமாக, கணுக்கால் வரை இறங்கிய பூப்போட்ட கவுனில், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடையோடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. சித்தியவான் பக்கத்து மெதடிஸ்ட் குடும்பம். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் அவரும் மட்டும் ஈப்போவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. “என் பேர எங்கயும் போட்டுக்கிட்டு இருக்காத, தெரிய வேண்டியவருக்குத் தெரியும்” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அடுத்தவர் பெயர் என்றால்தான் விடமாட்டார்.

நிலையத்து வாசலில் கோப்பிக் கடை வைத்திருந்த சீனப் பெண்ணை எல்லாரும் ‘அமோய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பெண் என்று அர்த்தம். அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அக்கா ஒருநாள் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டார். அவள் வெட்கப்பட்டு, துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே, சியூ லான் என்றாள். அதற்குப் பிறகு அக்கா தெரு முனையிலிருந்தே “சியூ லான், கோப்பி ஓ சத்து” என்று ஒரு கறுப்புக் கோப்பி சொல்லிக்கொண்டு வருவார். எங்களுக்கெல்லாம் கறுப்புக் கோப்பி ஆறிப்போய் வரும். அவருக்கு மட்டும் ஆவி பறக்க வரும்.

இன்னொரு முறை, கொக்கோ வரிசையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதில் பிழைத்துக்கொண்டாள். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் ‘ஒரு பெண் தொழிலாளி’ என்று எழுதி வந்திருந்தது. அக்கா அதை அடிக்காமல் வைத்துவிட்டார்.

“கடிச்ச பாம்புக்கு மட்டும் பேரு போட்டிருக்கு, நாகம்னு. கடிபட்டவளுக்கு இல்ல.”

மத்தியான வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நடந்து போய், பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டு வந்த பிறகுதான் அடித்தார். அறிக்கை ஒரு நாள் தாமதமாகப் போனது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் முன்னால் மாதம் தவறாமல் லாங்லி என்ற சொல் வந்து நின்றால் என்ன ஆகும்.

வெயில் அளக்கிற எங்கள் கருவி புல்தரையில் புதைத்த ஒரு கண்ணாடிக் குழாய். தரைக்கு மேலே குமிழ் மாதிரித் தெரியும். அதற்குள் கறுப்புப் பூசிய செம்பு உருண்டை ஒன்று. வெயில் பட்டு உருண்டை சூடாகும்போது அதிலிருக்கிற தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்து, கீழே குழாயில் சொட்டி நிற்கும். எவ்வளவு நின்றிருக்கிறது என்று நான் காலையில் பார்த்து எழுதிவிட்டு, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பிவிட்டு வருவேன். அந்த அளவை ஒரு எண்ணால் பெருக்கினால் நேற்று எத்தனை லாங்லி வெயில் அடித்தது என்று வரும். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கலோரி வெப்பம் விழுந்தால் ஒரு லாங்லி.

“லாங்லி யாரு?” என்றார் அக்கா.

“யாருமில்லக்கா. கிலோ, மீட்டர் மாதிரி அது ஒரு அளவு.”

“இல்லலா. இது மனுசன் பேரு. பாத்தாலே தெரியுது.”

எங்கள் அதிகாரி மிஸ்டர் வோங் ஈப்போக்காரர், நல்ல மனிதர். கேள்விப்பட்டதும் சிரித்துவிட்டு, தனக்கும் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். எல்லாரும் மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக்குப் போனவர் அங்கே நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து, தேநீர் நேரத்தில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

லாங்லி அமெரிக்காவில் போன நூற்றாண்டில் இருந்த வானியல் அறிஞர். கல்லூரிக்குப் போகாதவர், தானாகவே படித்து முன்னுக்கு வந்தவர். சூரியனிலிருந்து வருகிற மிகச் சின்ன வெப்பத்தையும் கண்டுகொள்கிற ஒரு கருவியைச் செய்தார். அதை உயரமான ஒரு மலைக்குத் தூக்கிப் போய் வெயிலை அளந்தார். வயதான காலத்தில் பறக்கிற இயந்திரம் செய்ய ஆசைப்பட்டார். ஆற்றில் நிறுத்திய படகின் மேலிருந்து ஆளோடு அதை ஏவினார்கள். நேராகத் தண்ணீரில் விழுந்தது. மறுபடி ஏவினார்கள். மறுபடியும் விழுந்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. சில நாட்களிலேயே வேறு இரண்டு பேர் பறந்து காட்டிவிட்டார்கள். அந்த வருத்தத்தோடு அவர் சில வருடங்களில் இறந்துபோனார். வெகுகாலம் கழித்து விஞ்ஞானிகள் வெயிலை அளக்கிற அளவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

“ஆத்துல விழுந்தவரு பேர வெயிலுக்கு வச்சிருக்காங்க பாரு” என்றார் அக்கா. பிறகு, “முழுப் பேரு என்ன சார்?” என்று கேட்டார்.

மிஸ்டர் வோங் ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி.”

அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய பதில், கிடைத்ததும் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் முகம் தெளிவாக இருந்தது. “நேத்து ராத்திரி குடும்ப ஜெபத்துல லாங்லி பேர சொன்னேன் மலர்க்கொடி” என்றார்.

அவர் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவும் மகளும் உட்கார்ந்து ஜெபம் செய்வது வழக்கம். தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். நானும் அதில் உண்டு, சியூ லானும் உண்டு, பாம்பு கடித்தவளும் உண்டு.

“செத்தவங்களுக்கு உங்க சபையில ஜெபம் பண்ணமாட்டாங்கன்னு சொன்னீங்களேக்கா?”

“ஜெபம் இல்ல. நன்றி சொல்றது. வெயில அளந்து குடுத்ததுக்கு.”

நான் இந்து வீட்டுப் பெண். எங்கள் சாமிகளே ஏராளம். ஒரு விஞ்ஞானி கூடினால் என்ன என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் குறிப்பைக் கொடுக்கும்போது, “நேத்து உங்காளு கம்மிதான்க்கா, மோடமா இருந்துச்சு” என்று சொல்வது எனக்குப் பழகிப்போனது. அக்கா சிரித்துக்கொண்டே அடிப்பார். மழைக்காலத்தில் எண்கள் இறங்கினால், யாரோ வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாதது மாதிரி கவலைப்படுவார்.

அவர் சிரித்து நான் பார்த்த வருடங்கள் அவை. எண்பதுகள் தொடங்கியதும் எல்லாம் மெட்ரிக் ஆகிக்கொண்டிருந்தது. கடைகளில் காட்டி என்ற பழைய எடை போய்க் கிலோ வந்தது. எங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது: வரும் ஜனவரியிலிருந்து வெயிலை லாங்லியில் எழுதக் கூடாது. ஜூல் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அக்கா வழக்கம்போல் ஜூல் யாரென்று கேட்டார். மிஸ்டர் வோங்குக்கு இது தெரிந்திருந்தது. இங்கிலாந்துக்காரர், பீர் காய்ச்சுகிற குடும்பம் என்றார். சாராயத்தைக் கண்ணாலும் பார்க்காத மெதடிஸ்ட் பெண் அக்கா. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஜூல் கணக்கை அடித்துவிட்டுப் பக்கத்தில் லாங்லியையும் அடித்து அனுப்பினார். வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து எழுதி வந்தது. மிஸ்டர் வோங் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன். “பேருதானேக்கா மாறுது. வெயிலு அதே வெயிலுதானே.”

இயந்திரத்தின் மேல் இருந்த அவர் கை நின்றது. என்னைப் பார்க்காமலே பேசினார்.

“எனக்கு ஒரு தம்பி இருக்கான் மலர்க்கொடி.”

இத்தனை வருடம் பழகியும் எனக்குத் தெரியாது.

“சாமுவேல்னு பேரு. நாந்தான் வச்சேன். அம்மா அவன பெத்துட்டுப் படுத்திருந்தப்ப, என்ன பேரு வைக்கலாம்னு அப்பா என்னைக் கேட்டாரு. எனக்கு ஏழு வயசு. ஞாயிறு பள்ளியில அந்த வாரம் சாமுவேல் கதைதான் சொல்லிக் குடுத்தாங்க.”

தம்பி மோட்டார் படகு இயந்திரம் பழுது பார்க்கிற வேலை கற்றுக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் போயிருக்கிறார். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண்ணை விரும்பி, இஸ்லாத்துக்கு மாறிக் கல்யாணம் செய்துகொண்டார். அடையாள அட்டையில் பெயர் ஷம்சுதீன் என்று ஆனது. அப்பா சபையில் மூப்பர். செய்தி வந்த அன்று அவர் கத்தவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. “இந்த வீட்டுல இனிமே அந்தப் பேரு கேக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். ராத்திரி ஜெபத்திலும் கேட்கக் கூடாது.

“அவன் பேரு வர்ற இடத்துல நான் சும்மா மூச்ச விட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவேன். அப்படியே வருசம் ஓடிச்சு. மிஸ்டர் வோங் அந்தப் பேர வாசிச்சாரு பாரு, அன்னிக்கு ராத்திரிதான் மறுபடியும் வாயத் தெறந்து சொன்னேன். சாமுவேல்... அப்படின்னு நிறுத்தி, அப்புறமா லாங்லின்னு சொன்னேன். அப்பா யாரதுன்னு கேட்டாரு. எங்க ஆபீஸ்ல வெயில் அளக்குறோமே, அவருப்பான்னேன். பொய் இல்லல்ல? மாசா மாசம் அவரு பேரத்தானே அடிச்சேன். இனிமே எதைச் சொல்லி அந்தப் பேர எடுப்பேன்?”

 அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதி ஜூல்களை அடித்து முடித்தார்.

அவர் அப்படித்தான். அறிக்கையில் லாங்லி போய்விட்டது என்றால் ஜெபத்திலும் போய்விட வேண்டும். அன்று முதல் வீட்டில் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நான் இருந்த புல்தரைக்கே வந்துவிட்டார். காலணியெல்லாம் பனி ஈரம்.

“நேத்து ஜெபம் முடிஞ்சு ஆமென் சொல்லப் போறேன். அப்பா கையப் புடிச்சாரு. ஒருத்தர விட்டுட்டியேன்னாரு. யாரப்பான்னேன். அந்த வெயில் அளக்குறவரு. ரெண்டு மூணு நாளா விட்டுட்டியேங்கிறாரு.”

கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

“சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன். சாமுவேல்னு மட்டும் சொன்னேன். லாங்லிய சேக்கல. அப்பாவும் ஆமென்னு சொல்லிட்டாரு.”

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் அதற்குள் கண் பார்வை முழுதும் போயிருந்தது. அக்கா அன்றே முடிவு செய்துவிட்டார், தம்பியைப் போய்க் கூட்டி வருவதென்று. ஆனால் போவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. நிலையத்தின் மலாய்க்கார வண்டியோட்டி பாக் டின்னிடம் போய், ஷம்சுதீன் என்ற பெயரை எப்படிச் சரியாகச் சொல்வது என்று கேட்டார். சம்சுதின், ஷம்சுடின் என்று அக்காவின் நாக்கு புரண்டது. பாக் டின் பொறுமையாகத் திருத்தினார்.

“அதுக்கு என்ன அர்த்தம் பாக் டின்?”

ஷம்ஸ் என்றால் மாத்தாஹாரி, சூரியன்; முழுப் பெயருக்கு மார்க்கத்தின் சூரியன் என்று பொருள் வரும் என்றார் அவர். அக்கா அண்ணாந்து பார்த்தார். நல்ல வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “நல்ல பேருதான்” என்றார்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் துணைக்கு அழைத்தார். ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து பஸ் ஏறினோம். தெலுக் ஆன்சன் அப்போதுதான் தெலுக் இந்தான் ஆகியிருந்தது. கண்டக்டர் இரண்டு பெயரையும் சேர்த்தே கத்திக்கொண்டிருந்தான். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அக்கா உதட்டுக்குள் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஆற்றங்கரையை ஒட்டிய பலகை வீடு. கீழே படகு இயந்திரங்கள் பிரித்துக் கிடந்தன. வாசலில் ஒரு பெண் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டின் மேல் கையை வைத்து, உள்ளே பார்த்து, தெளிவாகக் கூப்பிட்டார்.

“ஷம்சுதீன்.”

கைலியும் எண்ணெய்க் கறை படிந்த பனியனுமாக ஒருவர் வெளியே வந்தார். அக்காவின் அதே உயரம், அதே நெற்றி. யாரோ கடன்காரர் வந்திருப்பதாக நினைத்து வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

“என்னக்கா, நீயே இந்தப் பேர சொல்ற?”

“உன் பேரு அதுதானேடா.”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். உள்ளே போனதும் அக்கா அவள் பெயரை யார் வைத்தார்கள் என்று மலாயில் கேட்டது எனக்குக் கேட்டது. அதோடு எனக்குப் பயம் போய்விட்டது.

அப்பாவைப் பார்க்க வரச் சொன்னபோதுதான் தம்பி மறுத்தார்.

“வேண்டாம்க்கா. அப்பா என் மூஞ்சியப் பாக்கமாட்டாரு.”

“அப்பாவால யாரு மூஞ்சியும் பாக்க முடியாதுடா. கண்ணு போயிருச்சு.”

தம்பிக்கு அது தெரியாது.  சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவருடைய பழைய காரில் மத்தியானத்துக்குள் ஈப்போ வந்துவிட்டோம். வண்டியை விட்டு இறங்கியதும் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

அப்பா முன் அறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

“யாரு வந்திருக்கா?”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். 

“ஹுத்தான் மெலிந்தாங்ல இருந்து ஷம்சுதீன்னு ஒருத்தரு வந்திருக்காருப்பா.”

 அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். வாசலில் தம்பி மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“சாப்புட்டாரான்னு கேளு” என்றார்.

“இனிமேதான்ப்பா. சோறு ஆக்கிடுறேன்.”

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“நில்லு. நம்ம சட்டியில ஆக்காத. பன்னிக்கறி வெந்த சட்டி அவங்களுக்கு ஆகாது. என் கட்டிலுக்கு அடியில, இரும்புப் பெட்டிக்குப் பின்னால பாரு.”

அக்காவும் நானும் போய்க் குனிந்து பார்த்தோம். பெட்டிக்குப் பின்னால் ஒரு பொட்டலம் இருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாள் பழுத்து, தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே ஒரு சோற்றுச் சட்டி, ஒரு குழம்புச் சட்டி, நாலு பீங்கான் தட்டு. அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை. அப்பா கடைத்தெருவுக்குத் தானாக நடந்து போய் வந்த காலத்தில், கண் இருந்தபோது வாங்கியது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்து அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வாசல் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “வெயில்ல நிக்காதீங்க தம்பி. உள்ள வாங்க.”

அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். புதுச் சட்டிதான், ஒரு அலசு அலசினால் போதும். அவர் அதை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.